ஒரே தீ, இரண்டு அணிகள்: மாண்ட்ரியல் ஐஸ் ஹாக்கியின் தொடக்க காலம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1918 ஜனவரி 2 அன்று மாண்ட்ரியலை ஒட்டிய வெஸ்ட்மவுண்டில் இருந்த ஐஸ் ஹாக்கி அரங்கம் எரிந்து போனது. நேஷனல் ஹாக்கி லீக் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. லீக்கின் நான்கு அணிகளில் இரண்டுக்கு அந்த அரங்கமே வீடு. ஒன்று வாண்டரர்ஸ்: 1906, 1907, 1908, 1910 என ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைக் கையில் வைத்திருந்த, நகரின் ஆங்கிலேயர்கள் கொண்டாடிய அணி. மற்றது கனடியன்ஸ்: பிறந்து எட்டே ஆண்டு ஆன, அதுவரை ஒரே ஒரு கோப்பை வென்றிருந்த, பிரெஞ்சு மக்களின் அணி. ஒரு வாரம் முடிவதற்குள் வாண்டரர்ஸ் இல்லாமல் போய்விட்டது. கனடியன்ஸ் இன்றும் ஆடுகிறது. 24 ஸ்டான்லி கோப்பைகளோடு லீக்கின் மிக வெற்றிகரமான அணி அதுதான்.

வாண்டரர்ஸைத் தீ அழித்தது என்று சுருக்கமாக எழுதிவிடுவது வழக்கம். அது பாதி விடைகூட இல்லை. தீ இரண்டு அணிகளுக்கும் பொதுவானது. எரிந்த கூரை ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று ஏன் செத்தது, மற்றது ஏன் பிழைத்தது? இந்த ஆய்வின் கேள்வி இதுதான். விடையைத் தேடினால் 1875 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது. மாண்ட்ரியலில் அணிகளின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதியது ஆட்டக்காரர்களின் திறமை இல்லை. பனித்தளம் யாருடையது, அதைச் சுற்றி உட்கார யார் வருவார்கள் என்ற இரண்டும்தான் எழுதின.

கூரைக்குள் வந்த ஆட்டம்

பனியில் கோலும் பந்துமாக ஆடுவது கனடாவில் பல ஊர்களில் இருந்தது. எங்கே முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை; அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்புக் கொடுத்து, பார்வையாளர்களை அழைத்து, கூரைக்குள், இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்களை வைத்து ஆடிய முதல் ஆட்டம் என்று பதிவானது 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஜேம்ஸ் கிரைட்டன், ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த பொறியாளர். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எகிறிப் பார்வையாளர்மேல் விழும் என்ற பயம் இருந்ததால், தட்டையான மர வட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அது பனியைவிட்டு எழும்பாது என்று நாளிதழ் அறிவிப்பே உறுதி கூறியது. கிரைட்டன் அணி 2-1 என வென்றது.

ஆட்டம் முடிந்ததும் கைகலப்பு. பனித்தளம் சறுக்குவதற்கே உரியது, தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இல்லை என்று நினைத்த அரங்க உறுப்பினர்களுக்கும் ஆடியவர்களுக்கும் இடையில் மூண்டது அது. பெஞ்சுகள் உடைந்தன, பெண்கள் பதறி வெளியேறினார்கள் என்று கிங்ஸ்டன் நகரப் பத்திரிகை எழுதியது. இந்த ஆட்டத்தின் முதல் தகராறே வீரர்களுக்குள் வந்த தகராறு இல்லை, பனித்தளம் யாருக்கு என்ற தகராறு. நான் இதைத் தற்செயலாகப் பார்க்கவில்லை. அடுத்த அறுபது ஆண்டுக்கும் மாண்ட்ரியலில் இதே வழக்குதான், ஆட்கள்தான் வேறு.

1862இல் திறந்த விக்டோரியா அரங்கம் ஒரு தனியார் மன்றத்தின் சொத்து. உறுப்பினர்கள் வணிகமும் வங்கியும் கையில் வைத்திருந்த ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்டுகள். அதன் பனித்தளம் 204 அடி நீளம், 80 அடி அகலம். இன்று வட அமெரிக்கத் தொழில்முறை ஆடுகளம் 200க்கு 85. கிட்டத்தட்ட அதே அளவு. அந்தக் கட்டடத்தின் சுவர்கள் எங்கே நின்றனவோ அங்கேதான் ஆட்டத்தின் எல்லையும் நின்றது என்று சொல்லலாம்.

அடுத்து நடந்ததெல்லாம் வேகம். 1877இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு மன்றம். அதே ஆண்டு விதிகள் நாளிதழில் அச்சாகின. 1883 முதல் நகரத்தின் குளிர்காலத் திருவிழாவில் போட்டி. 1886 டிசம்பரில் கனடாவின் அமெச்சூர் ஹாக்கி சங்கம் பிறந்தபோது அதன் ஐந்து அணிகளில் நான்கு மாண்ட்ரியலைச் சேர்ந்தவை: விக்டோரியாஸ், கிரிஸ்டல்ஸ், மெக்கில், மாண்ட்ரியல் ஹாக்கி கிளப். ஐந்தாவது ஒட்டாவா. தேசியச் சங்கம் என்ற பெயர் பெரிதுதான். உள்ளே இருந்தது ஒரு நகரமும் அதன் பக்கத்து ஊரும்.

கோப்பை யாருடையது?

கனடாவின் தலைமை ஆளுநர் ஸ்டான்லி பிரபு 1889 திருவிழாவில் விக்டோரியா அரங்கில் ஓர் ஆட்டம் பார்த்தார். 1892இல் கோப்பை தருவதாக அறிவித்தார். வாங்கிய விலை பத்து கினி. 1893இல் முதல் கோப்பை மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்புக்குப் போயிற்று. போயிற்று என்று சொல்வதில்தான் சிக்கல்.

அந்த அணி 'மாண்ட்ரியல் அமெச்சூர் தடகளச் சங்கம்' என்ற பெரிய அமைப்போடு இணைந்தது. ஆனால் தன் நிர்வாகம் தனி என்று நினைத்த அணி. கோப்பையின் அறங்காவலர்கள் அதைச் சங்கத்திடம் கொடுத்தார்கள். பனியில் விழுந்து புரண்டது நாங்கள், வெள்ளிப் பாத்திரம் அவர்களுக்கா என்று அணி முறுக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் இழுபறி. 1893ஆம் ஆண்டுக்காகக் கோப்பையில் செதுக்கியது சங்கத்தின் பெயர்; 1894இல் அதே அணி மீண்டும் வென்றபோது வெறுமனே 'மாண்ட்ரியல்' என்று மட்டும் செதுக்கினார்கள். அந்த விடுபட்ட எழுத்துகளில் ஓராண்டு மனக்கசப்பு இருக்கிறது.

இந்தக் காலத்து அணிகளைப் பார்த்தால் நகரத்தின் சமூக வரைபடத்தைப் பார்க்கலாம். விக்டோரியாஸ் மேட்டுக்குடி ஆங்கிலேயர்கள். 1890களின் பின்பாதியில் கோப்பை பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. 1896 பிப்ரவரியில் வினிப்பெக் நகரத்தின் அணி வந்து 2-0 எனப் பறித்துக்கொண்டு போனது. டிசம்பரிலேயே அங்கே போய் 6-5 என மீட்டு வந்தார்கள். 1899, 1900இல் கோப்பை ஷாம்ராக்ஸுக்கு. அது ஐரிஷ் கத்தோலிக்கர்களின் அணி. லக்ராஸ் விளையாட்டில் ஏற்கனவே பெயர் வாங்கிய மன்றத்தின் கிளை. நகரத்தின் பெரும்பான்மையான பிரெஞ்சு மக்களுக்கு மட்டும் இந்த வரிசையில் இடமே இல்லை.

அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மன்றங்கள் ஆங்கிலத்தில் இயங்கின, அரங்கங்கள் ஆங்கிலேயர்களுடையவை, அவ்வளவுதான். கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஐரிஷ் மாணவர்களோடு சேர்ந்து படித்த பிரெஞ்சு இளைஞர்கள் அங்கேதான் ஆட்டத்தைக் கற்றார்கள். 1904, 1905 வாக்கில் நாசியோனால், மோந்தாஞார் என்ற பிரெஞ்சு அணிகள் பெரிய லீக்குகளில் தலைகாட்டின. இரண்டும் அங்கே நிலைக்கவில்லை.

மன்றம் போய் முதலாளி வந்தார்

1898 டிசம்பர் 31 அன்று செயின்ட் கேத்தரின் தெருவின் மேற்குப் பக்கம், வுட் அவென்யூ மூலையில் வெஸ்ட்மவுண்ட் அரங்கம் திறக்கப்பட்டது. சறுக்கு மன்றம் பெரிய மனதோடு ஹாக்கிக்கு இடம் விட்டது என்பதில்லை. ஹாக்கிக்கென்றே எழுப்பிய கட்டடம். சுமார் 4,300 இருக்கைகள், நிற்பவர்கள் தனி. கட்டியது ஒரு நிறுவனம், லாபத்துக்காக. உறுப்பினர் சந்தாவில் நடந்த ஆட்டம் டிக்கெட் வசூலில் நடக்கத் தொடங்கியது இங்கேதான். நான்காயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும்போது, ஆடுகிறவன் மட்டும் எத்தனை நாள் சும்மா ஆடுவான்?

1903இல் மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்பின் முக்கிய வீரர்கள் பலர் விலகி வாண்டரர்ஸைத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் ஸ்டிராக்கன் தலைவர். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும்.) பழைய லீக் சேர்க்க மறுத்ததும் புதிய லீக்கே தொடங்கிவிட்டார்கள். பிடிக்காவிட்டால் தனி லீக் என்பது அந்தக் காலத்தின் பொது நோய். 1906இல் ஒட்டாவாவோடு இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டி முடிவு செய்யும் மோதல். முதல் ஆட்டம் மாண்ட்ரியலில்: வாண்டரர்ஸ் 9-1. இனி என்ன இருக்கிறது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், இரண்டாவது ஆட்டத்தில் ஒட்டாவா ஒன்பது கோல் போட்டு மொத்தத்தை 10-10 எனச் சமன் செய்தது. கடைசியில் லெஸ்டர் பேட்ரிக் இரண்டு கோல் அடித்து 12-10 என முடித்தார். அந்தக் காலத்தின் ஆட்டங்களில் ஒன்றை நேரில் பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால் நான் கேட்பது இதைத்தான்.

அதே ஆண்டு இறுதியில் லீக் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களையும் அனுமதித்தது. அமெச்சூர்களும் தொழில்முறை வீரர்களும் ஒரே அணியில் ஆடலாம். வாண்டரர்ஸ் உடனே சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்தவர்களில் பெரிய நட்சத்திரம் ஹாட் ஸ்டூவர்ட். 1907 ஜூனில் ஆழமில்லாத நீரில் தலைகீழாகக் குதித்து இறந்துபோனார். குடும்பத்துக்கு நிதி திரட்ட 1908 ஜனவரி 2 அன்று வெஸ்ட்மவுண்டில் வாண்டரர்ஸும் பிற அணிகளிலிருந்து பொறுக்கிய வீரர்களும் ஆடினார்கள். இவ்விளையாட்டில் நடந்த முதல் நட்சத்திர ஆட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அரங்கம் எரிந்தது சரியாகப் பத்து ஆண்டு கழித்து அதே நாளில்.

அமெச்சூர் கொள்கையை விடாத மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்பும் விக்டோரியாஸும் 1908இல் லீக்கை விட்டே போய்விட்டன. முதல் கோப்பையை வென்ற அணி பெரிய ஆட்டத்திலிருந்து வெளியேறியது. யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை.

1909: கிழக்குக் கோடியில் ஓர் அரங்கம்

இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறோம். செயின்ட் கேத்தரின் தெரு நகரத்தைக் கிழக்கு மேற்காகக் குறுக்கே வெட்டிப் போகிறது. மேற்கே போனால் ஆங்கிலேயர், கிழக்கே போனால் பிரெஞ்சுக்காரர் என்பது அன்றைய பொதுக் கணக்கு. அதே தெருவின் கிழக்குப் பகுதியில் ஜூபிலி என்ற அரங்கம் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். அதன் உரிமையாளர் பி. ஜே. டோரன் 1909இல் வாண்டரர்ஸை விலைக்கு வாங்கினார். அரங்கம் வைத்திருப்பவர் அணியை வாங்கினால் என்ன செய்வார்? ஆட்டங்களைத் தன் இடத்துக்கே மாற்றப் பார்த்தார்.

மற்ற அணிகள் கொதித்தன. வசூலில் வெளியூர் அணிக்கும் பங்கு உண்டு. சிறிய அரங்கம் என்றால் சிறிய பங்கு. 1909 நவம்பர் 25 அன்று விண்ட்சர் ஹோட்டலில் கூடி, லீக்கைக் கலைத்துவிட்டு, வாண்டரர்ஸ் இல்லாமல் இன்னொரு லீக்கைத் தொடங்கினார்கள். நேற்றுவரை கோப்பைமேல் கோப்பை வென்ற அணி, தோற்றதற்காக இல்லை, வீடு மாற நினைத்ததற்காக வெளியே தள்ளப்பட்டது.

அதே ஹோட்டலில் அதே நாளில் இன்னொருவரும் கதவடைப்புக்கு ஆளானார். ரென்ஃப்ரூ என்ற சிற்றூரின் அணிக்காக விண்ணப்பித்த ஆம்ப்ரோஸ் ஓப்ரையன். அப்பா ரயில்பாதை ஒப்பந்தக்காரர், வெள்ளிச் சுரங்க முதலாளி, பணத்துக்குப் பஞ்சமில்லை. புதிய லீக் அவரைச் சேர்க்கவில்லை. வாண்டரர்ஸ் தரப்பில் கோபத்தோடு வெளியே வந்த ஜிம்மி கார்ட்னரும் அவரும் பேச ஆரம்பித்தார்கள். டிசம்பர் 2 அன்று தேசிய ஹாக்கி சங்கம் உருவானது. மாண்ட்ரியலில் வாண்டரர்ஸுக்கு எதிராளி வேண்டுமே? முழுக்கப் பிரெஞ்சு வீரர்களைக் கொண்ட ஓர் அணி இருந்தால் இரண்டு சமூகமும் டிக்கெட் வாங்கும் என்பது கார்ட்னரின் யோசனை. டிசம்பர் 4 அன்று கனடியன்ஸ் பிறந்தது. பணம் ஓப்ரையனுடையது, ஆள் சேர்த்தவர் ஜாக் லாவியோலெட்.

இன்று மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் அடையாளமாகப் போற்றப்படும் அணி, ஓர் ஐரிஷ் வம்சப் பணக்காரரின் பணத்தில், ஓர் ஆங்கில அணியின் ஆள் சொன்ன யோசனையில், வசூல் கணக்குக்காகப் பிறந்தது. பிரெஞ்சு மக்களின் ஆசைக்கு வழிவிட வேண்டும் என்று யாரும் அன்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆனால் அந்த ஆசை ஏற்கனவே இருந்தது என்பதால்தான் வசூல் கணக்கு பலித்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

எதிர்த்தரப்பு லீக்கிலும் நாசியோனால் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு அணி இருந்தது. அதனால் டிடியே பித்ர் என்ற வேக வீரருக்காக இரண்டு அணிகளும் நீதிமன்றம்வரை போயின. நாசியோனாலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லாவியோலெட் பேசியதும் கனடியன்ஸிலும் போட்டுவிட்டார் மனிதர். 1910 ஜனவரி 5 அன்று ஜூபிலியில் கனடியன்ஸின் முதல் ஆட்டம், பித்ர் ஆடினார். கோபால்ட் அணியை 7-6 எனக் கூடுதல் நேரத்தில் வென்றார்கள். முதல் கோல் நியூஸி லலோந்தின் தடியிலிருந்து வந்தது.

ஒரே நகரத்தில் ஐந்து தொழில்முறை அணிகள் சில வாரம்கூடத் தாங்கவில்லை. ஜனவரி நடுவிலேயே எதிர் லீக் மூச்சை விட்டது. ஒட்டாவாவும் ஷாம்ராக்ஸும் இந்தப் பக்கம் தாவின. அட்டவணையைப் புதிதாகப் போட்டதில் கனடியன்ஸின் அந்த முதல் வெற்றி கணக்கிலேயே சேராமல் போனது. சேர்ந்த 12 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி, கடைசி இடம். பருவத்தின் நடுவில் லலோந்தையும் ரென்ஃப்ரூவுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஓப்ரையனுக்கு எந்தப் பிள்ளை செல்லம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. வாண்டரர்ஸ் 12இல் 11 வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்த மார்ச் மாதத்தில், எட்டு ஆண்டு கழித்து எந்த அணி இருக்கும் என்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் கனடியன்ஸ்மேல் ஒரு காசுகூட விழுந்திருக்காது.

கென்னடியின் கணக்கும் லிக்டென்ஹைனின் கணக்கும்

கனடியன்ஸைக் காப்பாற்றியது ஒரு குத்துச்சண்டை, மல்யுத்த ஏற்பாட்டாளர் என்றால் மிகையில்லை. ஜார்ஜ் கென்னடி, இயற்பெயர் கெண்டல். முன்னாள் மல்யுத்த வீரர். பிரெஞ்சு மக்களுக்காக 'கிளப் அத்லெட்டிக் கனாதியேன்' என்ற மன்றத்தை நடத்தியவர். எங்கள் மன்றத்தின் பெயரை எடுத்துக்கொண்டீர்கள் என்று வழக்குப் போடுவதாக 1910இல் கிளம்பினார். கடைசியில் 7,500 டாலருக்கு லீக்கில் உரிமம் வாங்கினார். பெயரும் வீரர்களும் அவர் கைக்கு வந்தார்கள். மாண்ட்ரியலின் பிரெஞ்சுத் தொழிலாளி சனிக்கிழமை எதற்குக் காசு கொடுப்பான் என்று அவருக்குக் கைப்பாடமாகத் தெரியும். மல்யுத்த மேடைக்குக் கூட்டம் கூட்டியவருக்கு ஹாக்கி ஒன்றும் புதிய வணிகம் இல்லை.

வந்தவுடன் அவர் செய்த காரியம் ஷிக்கூட்டிமியிலிருந்து ஜார்ஜ் வெசினா என்ற கோல்காப்பாளரைக் கொண்டு வந்தது. கனடியன்ஸ் முன்பு அந்த ஊருக்குக் காட்சி ஆட்டம் ஆடப் போய், உள்ளூர் அமெச்சூர்களிடம் தோற்று, ஒரு கோல்கூடப் போட முடியாமல் திரும்பியிருந்தது; தடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து 1925 வரை ஓர் ஆட்டம்கூட வெசினா தவறவிடவில்லை. பிரெஞ்சு வீரர்கள்மேல் கனடியன்ஸுக்கு முதல் உரிமை என்ற ஏற்பாடு தொடக்க ஆண்டுகளில் இருந்ததால், அணியின் முகம் மாறாமல் இருந்தது. 1916இல் போர்ட்லாந்தை வென்று முதல் ஸ்டான்லி கோப்பை.

இதற்குள் வாண்டரர்ஸ், கனடியன்ஸ் இரண்டுமே வெஸ்ட்மவுண்டுக்கு வந்துவிட்டன. ஜூபிலிக்காக லீக்கையே உடைத்த பிறகு மீண்டும் பெரிய அரங்கத்துக்கே. 1915இல் அங்கே செயற்கைப் பனி போடும் இயந்திரம் வந்தது. இனி வெயில் எட்டிப் பார்த்தால் ஆட்டம் நிற்காது.

வாண்டரர்ஸின் உரிமையாளர் இப்போது சாம் லிக்டென்ஹைன். நகரத்தின் ராயல்ஸ் பேஸ்பால் அணியும் அவருடையதுதான். அவரைச் சோம்பேறி என்றோ கருமி என்றோ எழுதிவிடுவது எளிது. காலத்தையும் பார்க்க வேண்டும். 1914இலிருந்து முதல் உலகப் போர். முதல் ஆண்டுகளில் முன்வந்து படையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் இளைஞர்கள்; வாண்டரர்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களும் அவர்களே. கட்டாய ராணுவச் சேவையைப் பிரெஞ்சுக் கனடா கடுமையாக எதிர்த்தது. 1917 டிசம்பர் 17 தேர்தல் இந்தக் கேள்வியில்தான் நாட்டை மொழிவாரியாகப் பிளந்தது. லிக்டென்ஹைனின் பேஸ்பால் அணி 1917 பருவத்தோடு மூடப்பட்டிருந்தது. ஹாக்கியிலும் கை எரிந்துகொண்டிருந்தது.

தீக்கு முந்தைய பதினான்கு நாள்

1917 நவம்பர் 26 அன்று, மறுபடியும் விண்ட்சர் ஹோட்டலில், டொராண்டோ முதலாளி எடி லிவிங்ஸ்டனைக் கழற்றிவிடுவதற்காகவே மற்றவர்கள் நேஷனல் ஹாக்கி லீக்கைத் தொடங்கினார்கள். (ஒருவரைத் தவிர்க்க ஒரு லீக்: 1909இன் பாடம் வீண்போகவில்லை.) கியூபெக் நகர அணி அந்தப் பருவம் ஆடாததால் அதன் வீரர்களைப் பங்கிட்டார்கள். ஜோ மலோன் கனடியன்ஸுக்குப் போய் 20 ஆட்டங்களில் 44 கோல் அடித்தார். வாண்டரர்ஸுக்குக் கிடைத்தவர்களில் அப்படி யாரும் இல்லை.

டிசம்பர் 19 அன்று முதல் ஆட்டம். வாண்டரர்ஸ் டொராண்டோவை 10-9 என வென்றது. ஹாரி ஹைலாண்ட் ஐந்து கோல். சீருடை அணிந்த படைவீரர்களுக்கு இலவசம் என்று அறிவித்தும் வந்தவர்கள் சுமார் 700 பேர். நான்காயிரம் இருக்கையில் எழுநூறு பேர், அதிலும் இலவசமாக வந்தவர்கள் எத்தனையோ. லீக்கின் பிறப்பு நாளில் வெறிச்சோடிக் கிடந்த அந்த அரங்கம்தான் இந்த வழக்கின் முதல் சாட்சி. அடுத்த மூன்று ஆட்டங்களில் கனடியன்ஸிடம் 11-2, ஒட்டாவாவிடம் 6-3, 9-2 எனத் தோல்வி. மற்ற அணிகள் வீரர்களைக் கொடுத்து உதவாவிட்டால் விலகிவிடுவேன் என்று லிக்டென்ஹைன் சொன்னது தீக்கு முன்பே.

பிறகு தீ. அணிகளின் சாமான்களும் அதில் போயின. ஹாமில்டன் நகரத்திலிருந்து வாண்டரர்ஸுக்கு இடம் தர முன்வந்தார்கள், லிக்டென்ஹைன் ஏற்கவில்லை. ஆடவேண்டியிருந்த அடுத்த இரண்டு ஆட்டங்களும் வராததற்குத் தோல்வி என்று எழுதப்பட்டன. ஹைலாண்ட் ஒட்டாவாவுக்குப் போனார். மொத்தக் கணக்கு: ஆறில் ஒரு வெற்றி.

கனடியன்ஸ் எங்கே போனது? ஜூபிலிக்கு. செயின்ட் கேத்தரின் தெருவின் மறுகோடிக்கு, தான் பிறந்த இடத்துக்கு, தன் பார்வையாளர்கள் வாழும் இடத்துக்கு. சிறிய அரங்கம்தான், ஆனால் நிறையும் அரங்கம். பருவத்தின் முதல் பாதியை 10 வெற்றி, 4 தோல்வியோடு முதலிடத்தில் முடித்தார்கள்.

வாண்டரர்ஸுக்கும் அந்த ஜூபிலி அந்நியம் இல்லை. அதற்காகத்தான் 1909இல் லீக்கைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சண்டை இல்லையென்றால் கனடியன்ஸே இல்லை. ஆனால் 1918இல் கிழக்கே போய் வாண்டரர்ஸ் யாருக்காக ஆடுவது? ஆங்கிலப் பார்வையாளர்கள் மேற்கில். இளையவர்களில் பலர் பிரான்சின் பதுங்குகுழிகளில். எரிந்த கூரைக்கு மாற்றுக் கூரை கிடைக்கும், அதன் கீழ் உட்கார ஆள் கிடைக்காது என்பதுதான் லிக்டென்ஹைனின் கணக்கு. என் தீர்ப்பு இது: தீ வாண்டரர்ஸின் மரணத்துக்குக் காரணம் இல்லை, போவதற்கு அவர் தேடிக்கொண்டிருந்த காரணம்.

பின்குறிப்பாக மரூன்ஸ்

ஜூபிலியும் 1919 ஜூலையில் எரிந்தது. அந்த நகரத்து அரங்கங்களுக்கும் தீக்கும் அப்படி ஒரு நெருக்கம். கனடியன்ஸ் 1920 ஜனவரி 10 அன்று மவுண்ட் ராயல் அரங்கத்தில் குடியேறி, டொராண்டோவை 14-7 என அடித்தது. 1921இல் கென்னடி இறந்தார். 1919 இறுதிப்போட்டியை சியாட்டிலில் நிறுத்திய அதே இன்ஃப்ளுயன்சாவின் தாக்கத்திலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை. அணி 11,000 டாலருக்கு லியோ தண்டுரான், ஜோசப் கத்தாரினிச், லூயி லெத்தூர்னோ மூவருக்கும் கைமாறியது.

ஆங்கிலேயர்களின் இடம் ஆறு ஆண்டு காலியாகக் கிடந்தது. 1924இல் அவர்களுக்காக மரூன்ஸ் என்ற அணி. தலைவர் ஜேம்ஸ் ஸ்டிராக்கன், வாண்டரர்ஸைத் தொடங்கிய அதே ஆள். பழைய பெயரையே வைக்க முயன்றார்கள், உரிமை கிடைக்கவில்லை. லீக்குக்குக் கட்டிய 15,000 டாலரில் 11,000 கனடியன்ஸுக்கு, அதன் ஊரில் கடை போடுவதற்கான நஷ்டஈடாக. அணிக்காகவே செயின்ட் கேத்தரின் தெருவில் ஃபோரம் என்ற பெரிய அரங்கம் 159 நாளில் எழும்பியது. 9,000க்கு மேல் இருக்கை, செயற்கைப் பனி. ஆனால் 1924 நவம்பர் 29 அன்று அதைத் திறந்துவைத்து ஆடியது மரூன்ஸ் இல்லை. மவுண்ட் ராயலில் இயற்கைப் பனி இன்னும் உறையாததால் கனடியன்ஸ் இடம் கேட்டு வந்து, டொராண்டோவை 7-1 என வென்று, மற்றவர் வீட்டின் கிரகப்பிரவேசத்தை நடத்தி முடித்தது. 1926இல் நிரந்தரமாகவே குடி வந்துவிட்டது.

மரூன்ஸ் 1926, 1935இல் கோப்பை வென்றது. ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் பொருளாதார மந்தம் ஒரே நகரத்தில் இரண்டு அணிகளைத் தாங்கவில்லை. 1935இல் கனடியன்ஸும் ஃபோரத்தின் உரிமையாளர்களான கனடியன் அரினா நிறுவனத்தின் பிடிக்குள் வந்தது. இப்போது அரங்கமும் இரண்டு அணிகளும் ஒரே கையில். எதை மூடுவது என்று அவர்கள் வசூல் ஏட்டைப் பார்த்தார்கள். 1938 மார்ச் 17 அன்று மரூன்ஸ் தன் கடைசி ஆட்டத்தை ஃபோரத்தில் கனடியன்ஸுக்கு எதிராக ஆடி 6-3 எனத் தோற்றது. வீரர்களில் பலர் கனடியன்ஸுக்கு மாற்றப்பட்டார்கள். மேற்குப் பகுதி ஆங்கில ரசிகர்களும் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, அதே ஃபோரத்தில் கனடியன்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கத் தொடங்கினார்கள்.